தெரிவதும் வருவதும்: படித்த மொழி பேச்சாவது எப்படி?

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் நான் வழக்கமாகப் போகும் பரோட்டா கடையில் பீகாரிலிருந்து வந்த தம்பி ஒருவர் வேலை பார்க்கிறார். வந்து எட்டு மாதம் ஆகிறது. தமிழில் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. ஆனால் "அண்ணாச்சி, இன்னொண்ணு வைக்கவா? சால்னா காரமா இருக்கா?" என்று கேட்கிறார். பக்கத்து மேசைக்காரர் "பொறுடே, மொதல்ல இதத் திங்கேன்" என்றால், சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்கு நகர்கிறார்.

நான் பாளையங்கோட்டையில் மாலை நேரத்தில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் பள்ளியில் பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலம் படித்தவர்கள், பலர் பட்டதாரிகள். ஆக்டிவ் வாய்ஸைப் பேசிவ் வாய்ஸாக மாற்றச் சொன்னால் பிழையில்லாமல் மாற்றுவார்கள். நேற்று சாயங்காலம் என்ன செய்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டால் மட்டும் பார்வை தரைக்குப் போய்விடும். அவர்கள் எல்லோரும் முதல் நாள் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான்: "இங்கிலீஷ் தெரியும் சார், பேசத்தான் வர மாட்டேங்கு."

இந்த வாக்கியத்தை நான் பல ஆண்டுகள் சாக்காக எடுத்துக்கொண்டேன். அது தவறு. சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளைகள் துல்லியமாகவே சொல்லிவிடுகிறார்கள். 'தெரியும்' என்பது ஒன்று, 'வரும்' என்பது இன்னொன்று. நீச்சலைப் பற்றித் தெரியும், நீச்சல் வராது. ராகத்தின் பெயர் தெரியும், பாட வராது. தமிழ் இந்த இரண்டையும் தனித்தனிச் சொல்லாகவே வைத்திருக்கிறது. மொழி கற்பதில் நடக்கும் குழப்பமெல்லாம் இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதில் தொடங்குகிறது.

கம்யூனிகேஷன் ஸ்கில் என்றால் என்ன?

வேலைக்கு ஆள் எடுக்கும் இடங்களில் இந்தச் சொல் சரளமாகப் புழங்குகிறது. நாக்கைச் சுழற்றிப் பேசுவது, வேகமாகப் பேசுவது, கூச்சமில்லாமல் பேசுவது என்று ஆளுக்கொரு பொருள் கொள்கிறார்கள். கூச்சம் போய்விட்டால் மொழி வந்துவிடும் என்றுகூடச் சொல்கிறார்கள். நான் கண்டது வேறு. மொழி வரத் தொடங்கினால் கூச்சம் தானாகக் குறைகிறது.

1960களில் டெல் ஹைம்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு கேள்வியை முன்வைத்தார். வாக்கியத்தைச் சரியாக அமைக்கத் தெரிந்தால் மட்டும் ஒருவருக்கு ஒரு மொழி தெரியும் என்று சொல்லிவிடலாமா? யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது என்பதும் சேர்ந்ததல்லவா மொழி? அவர் சொன்ன அந்த முழுத் திறனை இந்தக் கட்டுரையில் 'உரையாடல் திறன்' என்று அழைக்கிறேன். எதிரே இருப்பவர் சொல்வதைப் புரிந்துகொள்வது, நாம் நினைப்பதை அவருக்குப் புரியவைப்பது, நடுவில் தடுக்கினால் சமாளிப்பது, ஆளுக்கும் இடத்துக்கும் ஏற்பப் பேசுவது எல்லாம் அதில் அடங்கும். இலக்கணம் அதன் ஒரு பகுதி. அவசியமான பகுதிதான், ஆனால் முழுமை அல்ல.

பீடி சுற்றும் கை

முக்கூடல், மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பக்கம் திண்ணையில் சொளவை (முறத்தை) மடியில் வைத்து பீடி சுற்றும் அக்காமார்களைப் பார்த்திருப்பீர்கள். இலையை அளவாக வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நுனியை மடக்கி, நூலைக் கட்டுகிறார்கள். வாய் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பேசிக்கொண்டிருக்கும், கண் டிவியில் இருக்கும், கை நிற்காது. இன்று புதிதாகச் சுற்ற உட்கார்ந்த பெண்ணுக்கு இதே வேலையைச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு படியையும் நினைத்து நினைத்துச் செய்வாள். பேச்சுக் கொடுத்தால் தூள் சிந்தும்.

இருவருக்கும் செய்முறை தெரியும். ஒருத்திக்குத்தான் கை வருகிறது. அந்தப் பழகிய அக்காவிடம் "எத்தன சுத்து சுத்துதீங்க?" என்று கேட்டால், தன் கையையே ஒருமுறை பார்த்துத்தான் பதில் சொல்வார். அறிவு மனத்திலிருந்து கைக்கு இறங்கிவிட்டது. யோசிக்காமலே ஒரு செயல் நடக்கும் இந்த நிலைக்குத் தன்னியக்கம் என்று பெயர். விதியாகச் சொல்லக்கூடிய அறிவையும், செய்து பழகிய திறனையும் மூளை வெவ்வேறு விதமாகச் சேமிக்கிறது. முதலாவதை மனப்பாடம் செய்யலாம். இரண்டாவது, அந்தச் செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால் மட்டுமே வரும்.

பேச்சுக்குத் தன்னியக்கம் ஏன் இவ்வளவு தேவை? 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு, உலகின் 10 மொழிகளில் கேள்விக்கும் பதிலுக்கும் இடையே எவ்வளவு நேரம் போகிறது என்று அளந்தது. சராசரி, நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே மூளைக்கு ஏறக்குறைய நொடியில் ஐந்தில் மூன்று பங்கு ஆகிறது. அப்படியானால், எதிரே இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். காது கேட்கும்போதே வாய் தயாராகிறது. இந்த நெருக்கடியில் "எழுவாய் ஒருமையா பன்மையா, வினைக்கு எஸ் போடணுமா" என்று பட்டியலைப் புரட்ட நேரம் கிடையாது. தமிழில் யோசித்து மனத்துக்குள் மொழிபெயர்க்கும் பிள்ளை, வாக்கியம் தயாராகும்போது பேச்சு அடுத்த தெருவுக்குப் போயிருப்பதைப் பார்க்கிறது.

இதுவரை பார்த்ததை ஒரு வரியில் சொன்னால்: உரையாடல் திறன் இலக்கணத்தைவிட அகலமானது, அது யோசிக்காமல் நடக்கும் பழக்கமாக ஆனால்தான் பேச்சின் வேகத்துக்கு ஈடு கொடுக்கும். இனி அந்தப் பழக்கம் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம்.

காதுதான் முதல் வாசல்

பழைய ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இருக்காது. எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதை வாசிப்பவர்தான் பிரித்தறிய வேண்டும். தெரியாத மொழியைக் காதால் கேட்பது சுவடி வாசிப்பது போலத்தான். எழுத்தில் நாம் காணும் இடைவெளி பேச்சில் கிடையாது. அந்தப் பரோட்டா கடைத் தம்பி முதல் மாதம் முழுக்க 'போய்ட்டுவாரேன்' என்பதை ஒரே சொல் என்றும், கையாட்டிக்கொண்டு சொல்ல வேண்டிய ஒன்று என்றும் நினைத்திருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் அப்படித்தான். 'வாட் ஆர் யூ கோயிங் டு டூ' என்று புத்தகத்தில் ஆறு சொல்லாகப் படித்தது, ஒருவர் வாயிலிருந்து வரும்போது 'வாட்ச கன டூ' என்று ஒரே ஓட்டமாக விழுகிறது. படித்த சொற்கள்தாம், காதுக்கு அடையாளம் தெரியவில்லை. "அவுக ரொம்ப வேகமாப் பேசுதாக சார்" என்பார்கள். பெரும்பாலும் வேகம் காரணமல்ல. பிரித்துக் கேட்கும் பழக்கம் இல்லாததே காரணம்.

ஒலிகளிலும் இதே கதை. 1984இல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வை என் வகுப்பில் தவறாமல் சொல்வேன். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தி ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் 'ட'வுக்கும் 'த'வுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்தார்கள். ஒரு வயதை நெருங்கும்போது அந்த உணர்வு பெரும்பாலும் மங்கிவிட்டது. அவர்கள் மொழிக்கு அது தேவைப்படவில்லை, காது அதை ஒதுக்கிவிட்டது. நமக்கும் அப்படி ஒதுக்கப்பட்ட ஒலிகள் உண்டு. தமிழ் எழுத்தில் ஒரே 'ப'தான். ஆங்கிலத்தில் அது இரண்டு ஒலி, இரண்டு பொருள். நெல்லைப் பேச்சில் பலருக்குப் பழம் 'பளம்' ஆகிவிடுவது போல, கேட்காத ஒலி வாயிலும் வராது. வயதான பின் அந்தக் கதவு முழுவதும் மூடிவிடுவதில்லை. நிறையக் கேட்டால் மறுபடி திறக்கும்.

ஆனால் எதைக் கேட்பது என்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். "இங்கிலீஷ் நியூஸ் சேனலைப் போட்டுவிட்டு வேலையைப் பாரு, தானா வந்துடும்" என்ற அறிவுரையை நான் கடுமையாக மறுக்கிறேன். புரியாத பேச்சு வெறும் இரைச்சல். மழை ஓசையை எவ்வளவு கேட்டாலும் மழை மொழி வராது. 1980களில் ஸ்டீவன் கிராஷன் என்ற அமெரிக்க மொழியியலாளர் வலியுறுத்தியது இதுதான்: பெரும்பகுதி புரிந்து, சிறுபகுதி மட்டும் புதிதாக இருக்கும் பேச்சே மொழியை வளர்க்கும். அதற்குப் புரியும் உள்ளீடு என்று பெயர். பரோட்டா கடையை நினைத்துப் பாருங்கள். முதலாளி ஜக்கைக் காட்டி "தண்ணி எடுத்துட்டு வா" என்கிறார். பொருள் கண்ணெதிரே இருக்கிறது, செயல் உடனே நடக்கிறது, சொல் அதன்மேல் ஒட்டிக்கொள்கிறது. ஒரு நாளைக்கு நூறு முறை இது நடக்கிறது. அந்தத் தம்பிக்குக் கிடைத்தது தமிழ் ஆசான் அல்ல, நாள் முழுக்கப் புரியும் உள்ளீடு.

வீட்டில் இருப்பவர் இதை எப்படி உண்டாக்கிக்கொள்வது? இரண்டு நிமிட ஒலிப்பதிவு ஒன்று, அதன் எழுத்து வடிவத்தோடு, போதும். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். பிறகு வாசித்துப் புரிந்துகொள்ளுங்கள். பிறகு வாசித்தபடியே கேளுங்கள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். முதல் முறை இரைச்சலாக இருந்தது நான்காவது முறை சொற்களாகப் பிரிந்து விழும். அந்த நொடியில் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்ப்பதற்காகவே நான் இந்த வகுப்பை விடாமல் நடத்துகிறேன்.

கேட்டால் மட்டும் போதாது

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1965 முதல் ஒரு முயற்சி நடந்தது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்குப் பள்ளியில் பாடங்களையே பிரெஞ்சு மொழியில் நடத்தினார்கள். ஆண்டுக்கணக்காகப் புரியும் உள்ளீடு. குழந்தைகள் பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொள்வதில் மிக நன்றாகத் தேறினார்கள். ஆனால் பேச்சிலும் எழுத்திலும் பிழைகள் நீடித்தன. 1985இல் மெரில் ஸ்வெய்ன் என்ற ஆய்வாளர் அதற்கு ஒரு விளக்கம் சொன்னார்: கேட்கும்போது குத்துமதிப்பாகப் புரிந்துகொண்டு நகர்ந்துவிடலாம், பேசும்போதுதான் எந்தச் சொல், எந்த வரிசை, எந்த ஈறு (சொல்லின் கடைசிப் பகுதி) என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தன்னிடம் என்ன இல்லை என்பதே அப்போதுதான் தெரிகிறது. இப்படி நாமே மொழியை உண்டாக்கி வெளியே விடுவதை வெளிப்பாடு என்பார்கள்.

நம் வகுப்பறைகளில் வெளிப்பாட்டுக்கு நேரமே இல்லை. ஐம்பது பிள்ளைகள், நாற்பத்தைந்து நிமிட வகுப்பு. ஆசிரியரே வாய் திறக்கவில்லை என்றாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூடத் தேறாது. ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கு அப்படி.

வகுப்புக்கு வெளியே செய்யக்கூடிய ஒரு பயிற்சி இருக்கிறது. ஒரே விஷயத்தை மூன்று பேரிடம் சொல்ல வேண்டும். முதல் ஆளிடம் 4 நிமிடம், அடுத்தவரிடம் 3, மூன்றாமவரிடம் 2. விஷயம் மாறக் கூடாது. முதல் முறை சொல் தேடுவதிலேயே நேரம் போகும். இரண்டாம் முறை தேடிய சொற்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மூன்றாம் முறை வாக்கியங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். பீடி சுற்றும் கை பழகுவதும் இப்படித்தான். ஆள் கிடைக்காவிட்டால் கைபேசியில் மூன்று முறை பதிவு செய்யலாம்.

எதைப் பற்றிப் பேசுவது? உங்கள் வாழ்க்கையில் இருப்பதை. திறன் துறை துறையாகத்தான் வளரும். சீசன் நேரத்தில் குற்றாலத்தில் கேரளத்துக்காரர்களிடம் சிப்ஸ் விற்கும் அண்ணாச்சிமார் மலையாளத்தில் சரளமாக விலை பேசுவார்கள். அவர்களிடம் மலையாளத்தில் அரசியல் பேசச் சொன்னால் பலர் தயங்குவார்கள். அது குறையே இல்லை. தேவைப்பட்ட வயலில் தண்ணீர் பாய்ந்திருக்கிறது. உங்களுக்கு எந்த வயல் முதலில் தேவை என்று பார்த்துத் தொடங்குங்கள்.

தடுக்கினால் என்ன செய்வது?

பிள்ளைகளை மிகவும் பயமுறுத்துவது இதுதான். புரியாவிட்டால், சொல் கிடைக்காவிட்டால் மானம் போய்விடும் என்று எண்ணுகிறார்கள். அவர்களுக்கு நான் ஒரு கணக்கைச் சொல்வேன். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு 12 மொழிகளில் இயல்பான பேச்சைப் பதிவு செய்து பார்த்தது. தாய்மொழியில், தெரிந்தவர்களோடு பேசும்போதுகூட, சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவையாவது யாராவது "ஆங்?", "யாரு?", "என்ன சொன்னீக?" என்று கேட்கிறார்கள். இப்படி நடுவில் நிறுத்திச் சரிசெய்துகொள்வதைப் பேச்சுச் செப்பனிடல் என்று வைத்துக்கொள்வோம். உலகம் முழுக்கப் பேச்சு இப்படித்தான் ஓடுகிறது. ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் நாம் அதற்கு வெட்கப்படுகிறோம்.

திரும்பக் கேட்பதற்கான நான்கைந்து வாக்கியங்களை முதல் வாரமே மனப்பாடம் செய்துவிடுங்கள். மனப்பாடம் இங்கே நல்லது. "கொஞ்சம் மெதுவாகச் சொல்ல முடியுமா?", "நீங்கள் சொல்வது இதுதானா?", "அதற்குச் சொல் தெரியவில்லை, இப்படி இருக்கும்" என்ற மூன்றும் கட்டாயம். கடைசி வாக்கியம் பொன் போன்றது. முருங்கைக்காய்க்கு ஆங்கிலச் சொல் மறந்துவிட்டதா? நீளமாக, பச்சையாக இருக்கும், மென்று சக்கையைத் துப்புவோம் என்று சொல்லுங்கள். எதிரே இருப்பவரே சொல்லை எடுத்துக் கொடுப்பார். அப்படிக் கிடைத்த சொல் எளிதில் மறப்பதில்லை, ஏனென்றால் அதற்கான பள்ளத்தை நீங்களே தோண்டி வைத்திருந்தீர்கள்.

அண்ணாச்சியும் 'ஏல'வும்

அந்தத் தம்பி வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம், கல்லாவில் இருந்த முதலாளியைப் பார்த்து "ஏல, சில்லறை குடு" என்று சொல்லிவிட்டார். கடை ஒரு கணம் அமைதியானது. முதலாளி நல்ல மனிதர். "நான் ஒன்னைய ஏலன்னா அது பாசம். நீ என்னைய அண்ணாச்சின்னு சொல்லணும்டே" என்று சிரித்தபடி விளக்கினார். நாள் முழுக்கத் தன்னை அழைத்த சொல்லால்தான் தம்பி அவரை அழைத்திருக்கிறார். வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. ஆள் பார்த்துப் பேசும் பகுதி மட்டும் அவரிடம் இன்னும் வந்து சேரவில்லை.

நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் செய்வதும் இதே பிழைதான், யாரும் எடுத்துச் சொல்வதில்லை. மேலதிகாரியிடம் 'கிவ் மீ லீவ்' என்கிறார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது "லீவு குடுங்க" என்ற மரியாதையான தமிழ். அந்த 'ங்க'வில் மரியாதை முழுவதும் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கில வினைச்சொல்லுக்கு 'ங்க' கிடையாது. அங்கே மரியாதை கேள்வி வடிவத்தில் வரும்: 'குட் ஐ' (could I), 'வுட் யூ' (would you) என்று. சொல்லை மாற்றிவிட்டு மரியாதையைக் கொண்டுபோக மறந்துவிடுகிறோம்.

நம் மண்ணுக்கு வந்து தமிழ் கற்றவர்கள் இதை நன்றாக உணர்ந்திருந்தார்கள். காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், மக்கள் பேசும் வழக்குக்குத் தனியாக இன்னோர் இலக்கணமும் எழுதினார். இரண்டும் வேறு வேறு தேவை என்று அவருக்குத் தெரிந்தது. 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல், மக்களையும் அவர்கள் பேச்சையும் அறிவதற்காகச் சென்னையிலிருந்து நடந்தே வந்தவர்.

ஆக, கேட்பது, பேசுவது, தடுக்கினால் சமாளிப்பது, ஆளறிந்து பேசுவது என்று நான்கையும் பார்த்துவிட்டோம். நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக முடிப்பவை அல்ல. முதல் வாரத்திலிருந்தே சேர்ந்து வளர்பவை.

வாசிப்பு, எழுத்து, மறதி

வாசிப்பைப் பற்றி ஒன்று மட்டும். உதவியில்லாமல் புரிந்து வாசிக்க, 100 சொல்லில் ஏறக்குறைய 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வரிக்கு மூன்று சொல்லுக்கு அகராதி பார்க்க வேண்டிய நாளிதழை வைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். ஆறாம் வகுப்புக் கதைப் புத்தகம் எடுங்கள், அதில் வெட்கம் எதுவும் இல்லை. எழுதுவது மெதுவாக நடக்கும் பேச்சு. பேச்சில் தவறவிட்ட ஈறுகளை அங்கே நிதானமாகப் பிடிக்கலாம்.

மறதி இயல்பானது. 1885இல் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். ஒரே மூச்சில் படிப்பதைவிட, விட்டு விட்டுப் படித்தது நிலைத்தது. இதை இடைவெளிப் பயிற்சி என்பார்கள். பிசானப் பருவ நெல்லுக்குக் கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விடும் விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். குளத்துத் தண்ணீரை எல்லாம் ஒரே நாளில் வயலில் திறந்துவிட்டால் பயிர் அழுகும், அடுத்த வாரம் வயல் வெடிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணி நேரம் படிப்பதைவிட நாளுக்கு ஒரு மணி நேரம் மேல்.

எவ்வளவு நாள் ஆகும்?

ஐரோப்பிய கவுன்சில் 2001இல் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாகப் பிரித்து ஓர் அளவுகோலை வெளியிட்டது. மூன்றாவது நிலையான பி1, அன்றாடக் காரியங்களை ஒருவர் தாமே பேசிச் சமாளிக்கும் நிலை. அதற்கு ஏறக்குறைய 350 முதல் 400 மணி நேரக் கற்றல் தேவை என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு தரும் தோராயம். நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் ஏறக்குறைய ஓராண்டு. 30 நாளில் சரளம் என்று சுவரில் எழுதியிருப்பதை நம்பிப் பணம் கட்டிய பிள்ளைகள், பிறகு தங்களுக்கே ஏதோ குறை என்று அழுதுகொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். குறை அவர்களிடம் இல்லை, கணக்கில் இருக்கிறது. பள்ளியில் படித்த இலக்கணமும் சொற்களும் வீணாகவில்லை. புதிதாகத் தொடங்குபவரைவிட அவர்கள் வேகமாக வருவார்கள், வாயையும் காதையும் வேலை வாங்கினால்.

போன ஆடியில் என் வகுப்புக்கு வந்த மாணவி ஒருத்திக்கு, மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு வைக்கும் சொதியை ஆங்கிலத்தில் விளக்கச் சொன்னேன். கொடுத்த நேரம் 4 நிமிடம். 40 நொடியில் நின்றுபோனாள். தேங்காய்ப்பால் வந்தது, பாசிப்பருப்புக்குச் சொல் வரவில்லை. "சின்னதா, மஞ்சளா இருக்கும்னு சொல்லு தாயி" என்றேன். மறுநாளும் சொதிதான், அதற்கு அடுத்த நாளும் சொதிதான். மூன்றாவது வாரம் முதல் பால், இரண்டாம் பால், எந்தக் காயை எப்போது போடுவது, அடுப்பை எப்போது அணைப்பது என்று சொல்லிக்கொண்டே போனாள். இஞ்சித் துவையலுக்கு வருவதற்குள் 4 நிமிடம் முடிந்துவிட்டது. "சார், இன்னும் ஒரு நிமிசம்" என்றாள்.